பழைய டிராக்டர்: ஸ்டீயரிங்கில் கால் சுற்று ஆட்டம், திருப்பினால் கனம். பாக்ஸை மாற்றத்தான் வேண்டுமா?

சால்பிடி:

வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன் கைமாறி வந்த பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினேன். 35 குதிரைத்திறன், பின்சக்கர இழுவை மட்டும், சாதா ஸ்டீயரிங். எஞ்சின் சட்டென்று பிடிக்கிறது, கியர் சத்தமில்லாமல் விழுகிறது, ஹைட்ராலிக் கலப்பையைத் தூக்கினால் இறங்காமல் நிற்கிறது. இதையெல்லாம் பார்த்து வாங்கிய நான், ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் ஒரு திருப்பு திருப்பிப் பார்த்ததோடு விட்டுவிட்டேன்.

இப்போது உழவில் சால் நேராக வரவில்லை. ஸ்டீயரிங் வீலை ஏறக்குறைய கால் சுற்று திருப்பிய பிறகுதான் டயர் அசைகிறது. தார்ச்சாலையில் ஏறினால் இடதும் வலதுமாகத் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. டயர் திரும்ப ஆரம்பித்ததும் கனமோ கனம். வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் வீல் தானாக நேருக்கு வருவதில்லை. மேல் கியரில் வேகம் கூடினால் முன்சக்கரம் இரண்டும் உதறுகிறது.

பார்த்த மெக்கானிக் "பாக்ஸ் போய்விட்டது, முழுசாக மாற்று" என்கிறார். வீலின் தண்டு போய்ச் சேரும் ஸ்டீயரிங் கியர் பெட்டியைத்தான் சொல்கிறார். மாற்றுவதற்கு முன் எங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு பானா பிடிக்கத் தெரியும். ஜாக்கி, கிரீஸ் கன் இரண்டும் இருக்கிறது.

உழவாரம்:

பாக்ஸின் பக்க மூடியில் ஒரு ஸ்க்ரூவும் அதன் மேல் ஒரு லாக் நட்டும் இருக்கும். நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே முறுக்கி, மறுபடி நட்டை இறுக்குங்கள். பத்து நிமிஷ வேலை. என் வண்டியில் பாதி ஆட்டம் அதிலேயே போனது.

பானாப்பெட்டி:

சால்பிடி, அந்த ஸ்க்ரூவை இப்போது தொடாதீர்கள். உழவாரம் சொன்னது தவறில்லை, ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஸ்டீயரிங் பாக்ஸின் விகிதம் 20-க்கு 1, அதாவது வீல் 20 பாகை திரும்பினால் பாக்ஸிலிருந்து கீழே தொங்கும் கை போன்ற டிராப் ஆர்ம் 1 பாகை திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். அந்த டிராப் ஆர்மின் நீளமும் வீலின் ஆரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், டிராப் ஆர்மின் நுனியில் 1 மி.மீ. ஆட்டம் வீலின் விளிம்பில் 2 செ.மீ. ஆட்டமாகத் தெரியும். உங்கள் வீலின் விட்டம் 40 செ.மீ. என்றால் கால் சுற்று என்பது விளிம்பில் 31 செ.மீ. அதாவது கீழே மொத்தமாக 15, 16 மி.மீ. தேய்மானம் இருந்தாலே போதும், கையில் அது கால் சுற்றாகி நிற்கும். அந்த 16 மி.மீ. ஒரே இடத்தில் இருப்பது அரிது. ஒரு பால் ஜாயிண்டில் (கிண்ணத்துக்குள் குண்டு உருளும் மூட்டு) 3, இன்னொன்றில் 2, கிங் பின் (முன்சக்கரம் இடதும் வலதுமாகத் திரும்பும் அச்சு) புஷ்ஷில் 2 என்று சிதறிக் கிடக்கும். பாக்ஸை மட்டும் புதிதாக மாற்றினால் இதில் ஒரு பங்குதான் குறையும்.

இதைக் கண்டுபிடிக்கக் கழற்ற வேண்டியதில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்சக்கரம் நேராக, தரையில் அழுந்தி இருக்கட்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து வீலை இடதும் வலதுமாக மெதுவாக ஆட்டட்டும். டயர் திரும்பும் அளவுக்கு வேண்டாம், ஆட்டத்துக்குள் மட்டும் ஆட்டினால் போதும். நீங்கள் வீலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மூட்டாகக் கீழே வாருங்கள். எந்த மூட்டில் வீல் பக்கத்துப் பாகம் அசைந்து சக்கரப் பக்கத்துப் பாகம் அசையாமல் நிற்கிறதோ, அங்கே ஆட்டம் தொலைகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலை மூட்டின் இரண்டு பாகத்தின் மேலும் படுமாறு வையுங்கள். தேய்ந்த பால் ஜாயிண்ட் "டிக்" என்று விரலில் சொல்லும்.

வரிசை இப்படி: வீலின் நட்டும் ஸ்ப்ளைனும் (தண்டின் வரிப்பற்கள்), ஸ்டீயரிங் தண்டும் அதன் மேல் புஷ்ஷும், பாக்ஸை உடம்போடு பிடித்திருக்கும் போல்ட்டுகள், டிராப் ஆர்ம், டிராக் லிங்க்கின் (டிராப் ஆர்மிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) இரண்டு முனை, இடது ஸ்டீயரிங் ஆர்ம், டை ராடின் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) இரண்டு முனை, வலது ஆர்ம். பாக்ஸின் போல்ட்டுகளைப் பலர் பார்ப்பதில்லை. வீலை ஆட்டும்போது பாக்ஸே தன் இடத்தில் நெளிகிறதா என்று பாருங்கள். போல்ட்டின் தலையைச் சுற்றிப் பெயிண்ட் வெடித்துக் கோடு விழுந்திருந்தால், அல்லது செங்காவி நிறத்தில் துருப்பொடி கசிந்திருந்தால் அங்கே இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொன்றிலும் எவ்வளவு மி.மீ. என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். பிறகு பேசலாம்.

முன்ஆக்ஸில்:

பானாப்பெட்டி அண்ணன் சொன்னது ஆட்டத்துக்கான சோதனை. கனத்துக்கு வேறு சோதனை உண்டு, அதையும் இதோடு சேர்த்தே செய்துவிடுங்கள்.

முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, இரண்டு டயரும் தரையை விட்டு எழும்பியதும் அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. முன் ஆக்ஸில் நடுப்பின்னில் ஊஞ்சல் மாதிரி ஆடும் என்பதை மறக்க வேண்டாம். வண்டியின் உடம்புக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மரக்கட்டையைச் செருகி அது ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீலைத் திருப்புங்கள். லேசாகிவிட்டதா? அப்படியானால் பாரம் இறங்கும் இடத்தில்தான் குறை: டயரில் காற்று குறைவு, அல்லது கிங் பின்னில் பாரத்தைத் தாங்கும் திரஸ்ட் பேரிங் போய்விட்டது. தூக்கிய பிறகும் கனமாகவே இருக்கிறதா? டிராக் லிங்க்கை ஒரு முனையில் கழற்றிவிட்டு இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சக்கரத்தைக் கையால் பிடித்துத் தள்ளினால் திரும்ப மறுத்தால் கிங் பின் இறுகியிருக்கிறது. சக்கரம் சுலபமாகத் திரும்பி, வீல் மட்டும் கனமாக இருந்தால் பாக்ஸ் அல்லது தண்டு. இந்த ஒரு மூட்டைக் கழற்றினால் பாதி வண்டியை ஒதுக்கிவிடலாம்.

தூக்கி வைத்திருக்கும்போதே டயரை மேலும் கீழும் பிடித்து உலுக்குங்கள். ஆடினால் ஹப்புக்குப் பின்னால் விளக்கை அடித்துப் பாருங்கள். ஹப் (சக்கரத்தின் குடம்) மட்டும் ஆடி, அதைத் தாங்கும் ஸ்டப் ஆக்ஸில் அசையாமல் இருந்தால் வீல் பேரிங். ஸ்டப் ஆக்ஸிலும் சேர்ந்து ஆடினால் கிங் பின் புஷ். இதைப் பிரித்துப் பார்க்காமல் பேரிங்கை மாற்றிவிட்டு "ஆட்டம் போகவில்லையே" என்று தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு கடப்பாரையை நடுப்பின்னுக்குப் பக்கத்தில் கொடுத்து ஆக்ஸிலை முன்னும் பின்னும் நெம்புங்கள். நடுப்பின் புஷ் தேய்ந்திருந்தால் ஆக்ஸில் முழுவதுமே நகரும். அது நகர்ந்தால் டிராக் லிங்க் இழுபட்டு, நீங்கள் வீலைத் தொடாமலே டயர் திரும்பும். மேடு பள்ளத்தில் வண்டி தன் போக்கில் போவதற்கு இது முக்கியக் காரணம்.

கிரீஸ்கன்:

சால்பிடி, கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கிறீர்களா? எப்படி அடிக்கிறீர்கள்?

சால்பிடி:

வாரம் ஒரு முறை எல்லா நிப்பிளிலும் அடிக்கிறேன். இடது கிங் பின்னில் மட்டும் உள்ளே போகாமல் நிப்பிளின் வாயிலேயே பிதுங்கி வழிகிறது. நிறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

கிரீஸ்கன்:

நிறையவில்லை, அடைத்திருக்கிறது. நிறைந்திருந்தால் பழைய கிரீஸ் கிங் பின்னின் மேலோ கீழோ உள்ள இடுக்கு வழியாக வெளியே வரும். நிப்பிள் வாயில் பிதுங்கினால் உள்ளே வழியில்லை என்று பொருள்.

நிப்பிளைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, ஊசியால் அதன் குண்டை அழுத்திப் பாருங்கள். அது சரியாக இருந்தால் துளையில் பழைய கிரீஸ் கல்லாகிக் கிடக்கிறது. கம்பியால் சுரண்டி எடுத்துவிட்டு டீசலோ மெல்லிய எண்ணெயோ விட்டு ஓர் இரவு ஊற வையுங்கள். பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, பாரமில்லாமல் வைத்து, ஒருவர் சக்கரத்தை இடதும் வலதுமாகத் திருப்பிக்கொண்டிருக்க கிரீஸ் அடியுங்கள். இது முக்கியம். வண்டி தரையில் நிற்கும்போது முழுப் பாரமும் திரஸ்ட் பேரிங்கை அழுத்திக்கொண்டிருக்கும், கிரீஸ் போக இடுக்கு இருக்காது. தூக்கினால் இடைவெளி திறக்கும்.

முதலில் கறுப்பாக, மண்ணும் துருவுமாக வரும். நிறம் மாறிப் புதுக் கிரீஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

வளைவு முடிந்து வீல் நேருக்குத் திரும்பாததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. கிங் பின்னைச் சாய்த்து வைத்திருப்பதே சக்கரம் தானாக நேருக்கு வருவதற்காகத்தான். அந்தச் சாய்வு வேலை செய்ய வேண்டுமானால் கிங் பின் தடையில்லாமல் சுழல வேண்டும்.

சால்பிடி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று முழு நாளும் என் அக்கா மகனை மேலே உட்கார வைத்துப் பார்த்தேன். குறித்தது இது.

வீல், தண்டு: ஆட்டம் இல்லை. பாக்ஸின் நான்கு போல்ட்டில் இரண்டு லூஸ். பானாப்பெட்டி அண்ணன் சொன்ன அந்தப் பெயிண்ட் வெடிப்பு அப்படியே இருந்தது. வீலை ஆட்டும்போது பாக்ஸ் முன்னும் பின்னும் 4 மி.மீ. நகர்ந்தது. இத்தனை நாள் அதன் மேல் கால் வைத்து ஏறியிருக்கிறேன், கவனிக்கவில்லை. டிராக் லிங்க்கின் பின்முனையில் 3 மி.மீ., முன்முனையில் 1. இடது கிங் பின் புஷ்ஷில் 3 இருக்கும். டை ராடின் வலது முனையை விரல் வைத்துப் பார்க்கத் தேவையே இல்லை, ரப்பர் கிழிந்து குண்டு கிண்ணத்துக்குள் குதிக்கிறது. பாக்ஸுக்குள் தண்டு திரும்பி டிராப் ஆர்ம் அசையாமல் நிற்பது வீலின் விளிம்பில் 8 செ.மீ.

முன்பக்கத்தைத் தூக்கினால் கனம் பாதியாகக் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. டிராக் லிங்க்கைக் கழற்றியதும் பாக்ஸ் வெண்ணெய் மாதிரி திரும்பியது. சக்கரங்கள்தான் முரண்டு பிடித்தன, அதிலும் இடது.

பாக்ஸின் எண்ணெய் மூடியைத் திறந்து கம்பியை விட்டுப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது. சாம்பல் கலந்த வெள்ளையாக, மோர் மாதிரி இருக்கிறது.

பானாப்பெட்டி:

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். கூட்டிப் பாருங்கள்: பாக்ஸுக்கு வெளியே மட்டும் 11 மி.மீ., விளிம்பில் 22 செ.மீ. உள்ளே 8. உங்கள் கால் சுற்று கணக்கு முடிந்துவிட்டது. இதில் பாக்ஸின் பங்கு கால்வாசிதான்.

மோர் மாதிரி எண்ணெய் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. மழையில் நின்ற வண்டியில் ஸ்டீயரிங் தண்டின் மேல்மூடி வழியாக இறங்கியிருக்கும். அதை வடித்து, கொஞ்சம் டீசல் விட்டு வீலை நாலைந்து முறை முழுதாகத் திருப்பிக் கழுவி வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன கியர் ஆயில் ஊற்றுங்கள். பெரும்பாலான சாதா பாக்ஸுக்கு எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயில்தான். கீழ் சீலில் ஒழுகுகிறது என்று சிலர் கிரீஸை அடைத்துவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிரீஸைப் பல் ஒரு முறை வெட்டித் தள்ளிவிட்டால் அது ஓரத்தில் ஒதுங்கி அங்கேயே நின்றுவிடும், திரும்பி வந்து பல்லில் படாது. சீல் ஒழுகினால் சீலைத்தான் மாற்ற வேண்டும்.

இப்போது அந்த ஸ்க்ரூ விஷயம். பாக்ஸின் பற்கள் அதிகம் தேய்வது நடுவில்தான், ஏனென்றால் வண்டி ஓடும் நேரத்தில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது. ஓரங்களில் பல் புதிது மாதிரியே இருக்கும். நடுவில் உள்ள ஆட்டம் முழுவதும் போகும்வரை ஸ்க்ரூவை முறுக்கினால், முழுசாகத் திருப்பும்போது தேயாத பற்கள் வந்து கடித்துக்கொள்ளும். வயலின் கோடியில் வண்டியைத் திருப்பும்போது ஸ்டீயரிங் இறுகிப் பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதோடு வெளியில் இருக்கும் ஆட்டத்தையும் சேர்த்துப் பாக்ஸில் குறைக்கப் பார்ப்பவர்கள் அளவுக்கு மேல் முறுக்கித்தான் அதைக் கெடுக்கிறார்கள்.

ஆகவே மற்றதையெல்லாம் சரி செய்த பிறகு, டிராக் லிங்க்கைக் கழற்றி வைத்து, வீலை நேராக வைத்து, ஸ்க்ரூவை எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் முறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிப் பாருங்கள். எங்காவது லேசாகப் பிடித்தாலும் கொஞ்சம் தளர்த்திவிட்டு லாக் நட்டை இறுக்குங்கள். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பும், ஸ்க்ரூ டிரைவரால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சில பாக்ஸில் ஸ்க்ரூவே இருக்காது, மூடிக்கு அடியில் உள்ள மெல்லிய ஷிம் தகடுகளை எடுத்துத்தான் சரி செய்ய வேண்டும்.

விளிம்பில் 3 முதல் 5 செ.மீ. வரை ஆட்டம் மிஞ்சினால் பழைய வண்டிக்கு அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

உழவாரம்:

இப்போது புரிகிறது. என் வண்டியில் இடது கோடியில் திருப்பினால் ஓரிடத்தில் கடினமாகி, பிறகு விடுகிறது. கிங் பின் என்று நினைத்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். நாளைக்கே டிராக் லிங்க்கைக் கழற்றிப் பார்க்கிறேன்.

இரும்புக்கொழு:

டை ராட் முனை குதிக்கிறது என்கிறீர்களே, அதை மாற்றும்வரை சாலையில் ஏற வேண்டாம் தம்பி. எங்கள் வண்டியில் அந்த முனை தேய்ந்திருந்தது தெரிந்தும் அறுவடை முடியட்டும் என்று ஓட்டினோம். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு வரும்போது குண்டு கழன்று விழுந்தது. இடது சக்கரம் நேராகப் பார்க்க, வலது சக்கரம் வெளியே மடிந்தது. வண்டி சாலையை விட்டிறங்கிப் பள்ளத்தில் நின்றது. ஓட்டியது என் தம்பி. அவனுக்கு விலா எலும்பு இரண்டு முறிந்தது. நின்ற இடத்தில் எதிரே யாரும் வரவில்லை, அதனால் அதோடு போனது.

கழன்று விழும்வரை அந்த முனை ஒரு நாளும் சத்தம் போடவில்லை.

சால்பிடி:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திச் சாவியை எடுத்து வைத்துவிட்டேன். புது முனைகள் நான்கும் வாங்கி வந்திருக்கிறேன். பழையதைக் கழற்றத்தான் முடியவில்லை. நட்டை எடுத்துவிட்டு அடியிலிருந்து எவ்வளவு அடித்தாலும் அசையவில்லை. கேஸ் வைத்துச் சூடு பண்ணலாமா?

முன்ஆக்ஸில்:

வேண்டாம். ஸ்டீயரிங்கில் எந்தப் பாகத்தையும் சூடு பண்ணக் கூடாது, வெல்டும் வைக்கக் கூடாது. சூட்டில் இரும்பின் கடினம் போய்விடும், வெளியே பார்த்தால் தெரியாது. டிராப் ஆர்மின் ஸ்ப்ளைன் தேய்ந்தால் நாலு பக்கம் புள்ளி வெல்டு வைத்துவிடு என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வெல்டு ஒரு நாள் சாலையில் விட்டுவிடும். தேய்ந்தால் மாற்றுவது ஒன்றுதான் வழி.

முனையைக் கழற்ற இப்படிச் செய்யுங்கள். நட்டை மறுபடி மாட்டி, மரையின் நுனி நட்டோடு சமமாக நிற்கும்படி விடுங்கள். அப்போது மரை அடிபடாது, முனை சட்டென்று கழன்று காலிலும் விழாது. அடியிலிருந்து அடிப்பது வீண். முனையின் பின் கூம்பாக உட்கார்ந்திருக்கிறது, அதைப் பிடித்திருப்பது ஆர்மின் கண், அதாவது அது நுழையும் துளை. அந்தக் கண்ணின் ஒரு பக்கத்தில் கனமான சம்மட்டியை முட்டுக் கொடுத்து, எதிர்ப் பக்கத்தில் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். கண் ஒரு நொடி நெளிந்து கூம்பை விட்டுவிடும். நாலு அடிக்குள் கழன்றுவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துருச் சில்லு தெறிக்கும்.

டை ராடிலிருந்து திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள், புதியதையும் அதே சுற்று உள்ளே விட்டால் அளவு கிட்டத்தட்ட பழைய இடத்துக்கு வரும். பல வண்டிகளில் ஒரு முனை இடது மரை, திருகும்போது திசை மாறும். ஸ்ப்ளிட் பின் புதியதாகத்தான் போட வேண்டும். காசில் நட்டின் பள்ளமும் பின் துளையும் நேர்படாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி நேராக்கக் கூடாது.

மாட்டி முடித்ததும் டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருக்கும் அளவு, பார்க்காமல் விடாதீர்கள். உங்கள் வண்டி உதறுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சக்கரங்களை நேராக வைத்து, ஹப்பின் மட்ட உயரத்தில் இரண்டு டயரின் முன்பக்க ரிம் ஓரத்துக்கும் இடையே அளந்து, அளந்த இடத்தில் சாக்கட்டியால் குறியிடுங்கள். வண்டியை முன்னால் தள்ளி அந்தக் குறிகள் அரைச் சுற்று சுற்றிப் பின்னால் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளக்க வேண்டும். ரிம் கொஞ்சம் நெளிந்திருந்தாலும் இப்படி அளந்தால் கணக்குத் தப்பாது. முன் அளவு பின் அளவைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும், எத்தனை என்பது கையேட்டில் இருக்கும்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. எல்லா வண்டியிலும் டை ராட் இருக்காது. 1946-இல் வந்த ஃபெர்குசன் டி.இ.20, அதன் வழியில் 1964-இல் வந்த மாஸி ஃபெர்குசன் 135 போன்றவற்றில் பாக்ஸின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு டிராப் ஆர்ம், அதிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி டிராக் லிங்க் என்று போகும். அவற்றில் டோ-இன்னை அந்த இரண்டு லிங்க்கையும் வைத்துத்தான் சரி செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீட்டினால் வண்டி நேராக ஓடும்போது பாக்ஸ் நடுவில் இருக்காது.

மண்புழு:

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையதும் பழைய வண்டிதான், ஆனால் ஆர்பிட்ரால் (வீலைத் திருப்பும் அளவுக்கு எண்ணெயைச் சிலிண்டருக்கு அனுப்பும் வால்வு) வைத்த பவர் ஸ்டீயரிங். மெதுவாகத் திருப்பினால் லேசாக இருக்கிறது, வேகமாகத் திருப்பினால் கல்லாக இறுகுகிறது. முழுசாக ஒடித்த பிறகும் வீல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. திருப்பும்போது பம்ப் ஊளையிடுகிறது. ஆர்பிட்ராலை மாற்றச் சொல்கிறார்கள்.

பானாப்பெட்டி:

தாராளமாகக் கேளுங்கள். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மெதுவாகத் திருப்பினால் லேசு, வேகமாகத் திருப்பினால் கனம் என்றால் எண்ணெயின் அழுத்தம் இருக்கிறது, வரத்து போதவில்லை. அதோடு ஊளைச் சத்தமும் சேர்ந்தால் பம்ப் எண்ணெய்க்குத் தவிக்கிறது. எண்ணெய் மட்டம், ஃபில்டர், டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். உறிஞ்சும் ஹோஸின் கிளாம்ப் லூஸாக இருந்தால் எண்ணெய் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். அதனால் வெளியே பார்த்து அது நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். டேங்கில் நுரை தெரிந்தால் ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். சற்று நேரத்தில் தெளிந்தால் கலந்திருந்தது காற்று. தெளியாமல் பால் போலவே நின்றால் தண்ணீர். பம்ப் பெல்ட்டில் ஓடுகிறது என்றால் பெல்ட் வழுக்குகிறதா என்றும் பாருங்கள்.

முழுசாக ஒடித்த பிறகும் வீல் சுற்றுகிறது என்றால் எண்ணெய் எங்கோ உள்ளுக்குள் கடக்கிறது. சிலிண்டரின் பிஸ்டன் சீலாகவும் இருக்கலாம், ஆர்பிட்ராலாகவும் இருக்கலாம். ஆர்பிட்ராலை மாற்றுவதற்கு முன் சிலிண்டரைச் சோதித்துவிடுங்கள். ஒரு பக்கம் முழுசாக ஒடித்து எஞ்சினை அணையுங்கள். வீலை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டி அழுத்தத்தை இறக்குங்கள். அந்தப் பக்கம் ஒடிக்கும்போது எந்த ஹோஸ் வழியாக எண்ணெய் சிலிண்டரிலிருந்து திரும்பி வருமோ, அந்தப் பக்கத்து ஹோஸைச் சிலிண்டரிலிருந்து கழற்றி ஹோஸின் வாயை உரிய அழுத்த மூடியால் அடையுங்கள். சிலிண்டரின் வாய் திறந்து ஒரு பாத்திரத்துக்குள் இருக்கட்டும். எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் விட்டு, ஏற்கெனவே ஒடித்திருக்கும் அதே பக்கமே வீலை அழுத்திப் பிடியுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு நொடிகூடத் திருப்பக் கூடாது. திறந்த வாயில் எண்ணெய் ஓடி வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. சொட்டாமல் இருந்தும் வீல் சுற்றினால் ஆர்பிட்ரால் தேய்ந்திருக்கிறது.

ஹோஸை மறுபடி மாட்டும்போது இடம் மாறாமல் மாட்டுங்கள். இரண்டும் இடம் மாறினால் இடதுபக்கம் திருப்ப வலதுபக்கம் போகும். கழற்றும் முன்பே ஒன்றில் துணி கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்ஆக்ஸில்:

ஓடும்போது ஹோஸில் கசிவைத் தேட விரலை வைக்காதீர்கள் மண்புழு. ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலை எடுக்கும் நிலை வரும். ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள், நனைந்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஆர்பிட்ரால் வண்டியில் வீலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எண்ணெயைத் தவிர வேறு இணைப்பு கிடையாது. நேராக ஓடும்போது வீலின் ஆரக்கால் நேற்றைய இடத்தில் இல்லாமல் கொஞ்சம் விலகி நின்றால் அது கோளாறு இல்லை. ஆனால் கையை எடுத்ததும் வீல் தானாகச் சுற்ற ஆரம்பித்தால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். உள்ளே ஸ்பூல் (எண்ணெயின் வழியைத் திறந்து மூடும் உருளை) சிக்கியிருக்கிறது அல்லது அதை நடுவுக்குக் கொண்டுவரும் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது.

மண்புழு:

ஃபில்டரைத் திறந்தேன். களிமண் மாதிரி அடைத்திருந்தது. உறிஞ்சும் ஹோஸ் உள்பக்கம் உரிந்து சப்பையாகிக் கிடந்தது. இரண்டையும் மாற்றி, எண்ணெயும் மாற்றினேன். ஊளை நின்றது, வேகமாகத் திருப்பினாலும் லேசாக இருக்கிறது. வீல் சுற்றுவது கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அடுத்த வாரம் மூடி வாங்கி வந்து சிலிண்டர் சோதனை செய்துவிட்டு எழுதுகிறேன்.

சால்பிடி:

வேலை முடிந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

பாக்ஸின் போல்ட் நான்கையும் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, புது ஸ்ப்ரிங் வாஷரோடு இறுக்கினேன். முனைகள் நான்கும் மாற்றினேன். இரண்டு சுத்தியல் முறையில் மூன்றாவது அடியில் "டங்" என்று சத்தம் மாறி விட்டுவிட்டது. இடது கிங் பின்னை வெளியே எடுத்தபோது திரஸ்ட் பேரிங்கில் குண்டுகளே இல்லை. உடைந்து அரைபட்டு, கறுப்பு மணல் மாதிரி கையில் கொட்டியது. அந்த மணலின் மேல்தான் வண்டியின் முன்பாரம் இத்தனை நாள் சுழன்றிருக்கிறது. வலதிலும் ஒரு பக்கம் தேய்ந்திருந்ததால் இரண்டு பக்கமும் புஷ், பேரிங், சீல் எல்லாம் புதிது போட்டேன்.

டோ-இன் அளந்தால் முன்பக்கம் 9 மி.மீ. அகலமாக இருந்தது. யாரோ தலைகீழாக வைத்திருக்கிறார்கள். கையேட்டின் அளவுக்குள் வரும்படி முன்பக்கம் 4 மி.மீ. குறைவாக வைத்தேன். டயர் காற்று இடதிலும் வலதிலும் ஒரே அளவு.

இவ்வளவும் செய்த பிறகு, ஸ்க்ரூவைத் தொடாமல், விளிம்பில் 9 செ.மீ. ஆட்டம். பிறகு பாக்ஸைக் கழுவி எண்ணெய் ஊற்றி, எட்டில் ஒரு பங்காக இரண்டு முறை முறுக்கினேன். மூன்றாவது முறை வலது கோடியில் லேசாகப் பிடித்தது, அந்த முறையை மட்டும் திருப்பி எடுத்துவிட்டேன். இப்போது 5 செ.மீ.

நேற்று சாலையில் மேல் கியரில் போட்டேன், உதறல் இல்லை. வளைவில் கையைத் தளர்த்தினால் வீல் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானே நேருக்கு வருகிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பின்னால் ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு போகும்போது மட்டும் திருப்பினால் வண்டி திரும்பாமல் நேராகச் சறுக்குகிறது. இறக்கினால் சரியாகிவிடுகிறது.

முன்ஆக்ஸில்:

அதற்கும் ஸ்டீயரிங்குக்கும் தொடர்பில்லை. பின்னால் பாரத்தைத் தூக்கினால் முன்பக்கம் எழும்புகிறது, டயருக்குத் தரையில் பிடிப்பு இல்லை. டிராக்டரின் சொந்த எடையில் குறைந்தது 20 சதவீதமாவது முன் ஆக்ஸிலில் இறங்க வேண்டும். முன்னால் எடைக்கட்டிகள் மாட்டுங்கள். முன்டயரின் நடு வரி தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தாலும் இப்படித்தான் சறுக்கும், அதையும் தடவிப் பாருங்கள்.

கிரீஸ்கன்:

சால்பிடி, புதுப் புஷ் போட்டிருக்கிறீர்கள். முதல் வாரம் தினமும், முன்பக்கத்தைத் தூக்கி வைத்து கிரீஸ் அடியுங்கள். பத்து மணி நேரம் ஓடியதும் பாக்ஸின் போல்ட்டையும் முனைகளின் நட்டையும் மறுபடி ஒரு முறை பானா வைத்துப் பாருங்கள்.

சால்பிடி:

நடு வரி கொஞ்சம்தான் மிச்சமிருக்கிறது, மாற்ற வேண்டியதுதான். எடைக்கட்டி மாட்ட முன்னால் துளைகள் இருக்கின்றன. போல்ட்டுகளைச் சனிக்கிழமை பார்க்கிறேன்.